வேட்பாளரின் விசுவாசம் யாருக்கு? மியன்மாரில் கட்சி விதிகளும் உறுதிமொழிகளும்

தேர்தலில் நிற்க விரும்பும் ஒருவர் முதலில் யாரிடம் உறுதிமொழி அளிக்க வேண்டும்? கட்சித் தலைமையிடமா, அரசியல் சாசனத்திடமா, வாக்காளரிடமா? ஜனநாயக நாடுகள் பலவற்றிலும் எழும் கேள்வி இது. மியன்மாரின் கட்சி அரசியலில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வி மீண்டும் மீண்டும் முன்னுக்கு வந்துள்ளது.

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல் வேட்பாளர் விவாதத்தில் பங்கேற்க, அக்கட்சியின் தேசியக் குழு சில நிபந்தனைகளை விதித்தது. குறைந்தது 40 ஆயிரம் நன்கொடையாளர்கள் இருக்க வேண்டும், கருத்துக் கணிப்புகளில் குறைந்தது ஒரு சதவீத ஆதரவு வேண்டும், இறுதியில் யார் வேட்பாளராகத் தெரிவானாலும் அவரை ஆதரிப்பதாக எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். டொனால்ட் டிரம்ப் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் வேட்பாளர் நியமனம் அவருக்கே கிடைத்தது. காரணம், அங்கு இறுதி முடிவு உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் சாதாரண ஆதரவாளர்களின் கையில் இருந்தது.

மியன்மாரில் அத்தகைய உட்கட்சித் தேர்தல் வழக்கத்தில் இருந்ததில்லை. அங்கு விசுவாசத்தை அளந்தவை இரண்டு அதிகாரங்கள். ஒன்று இராணுவம் எழுதிய சட்டம், மற்றொன்று கட்சியின் தலைமை.

2010: உறுப்பினரை நீக்கு, அல்லது கட்சியைக் கலை

1990ஆம் ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில் ஆங் சான் சூசி தலைமையிலான ஜனநாயகத்துக்கான தேசிய லீக் 485 இடங்களில் 392ஐ வென்றது. ஆனால் இராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2010 மார்ச்சில் வெளியான கட்சிப் பதிவுச் சட்டம், சிறைத்தண்டனை அனுபவிப்போர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்க முடியாது என்றது. 2008ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தைப் பாதுகாப்பதாகக் கட்சிகள் உறுதியளிக்க வேண்டும் என்றும் கோரியது.

சிறையில் வாடிய தனது தொண்டர்களைக் கைவிடாமல் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை லீக் கட்சிக்கு ஏற்பட்டது. 2010 மார்ச் 29ஆம் தேதி யாங்கோனில் கூடிய கட்சித் தலைவர்கள், பதிவு செய்வதில்லை என்று முடிவெடுத்தனர். மே மாதம் கட்சி சட்ட அங்கீகாரத்தை இழந்தது. இம்முடிவை ஏற்காதவர்கள் பிரிந்து சென்று தேசிய ஜனநாயக சக்தி என்ற கட்சியைத் தொடங்கி, அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் போட்டியிட்டனர்.

2012: ஒரு சொல்லுக்காக ஒரு புறக்கணிப்பு

2011 நவம்பரில் அதிபர் தெய்ன் செய்ன் அரசு கட்சிப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. சாசனத்தைப் 'பாதுகாப்பது' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மதிப்பது' என்ற சொல் இடம்பெற்றது. இதனையடுத்து லீக் கட்சி மீண்டும் பதிவு செய்துகொண்டது. 2012 ஏப்ரல் முதல் தேதி நடந்த இடைத்தேர்தலில் 44 இடங்களில் போட்டியிட்டு 43ஐக் கைப்பற்றியது. யாங்கோனுக்குத் தெற்கேயுள்ள காவ்மு தொகுதியில் ஆங் சான் சூசி வெற்றி பெற்றார்.

ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பதவிப் பிரமாணத்தில் 'பாதுகாப்பது' என்ற சொல் அப்படியே இருந்தது. அந்தப் பிரமாண வாசகம் சாசனத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்தது. சாசனத்தின் முக்கிய பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் தேவை. இராணுவமோ 25 சதவீத ஆசனங்களைத் தன்னிடம் வைத்திருந்தது. எந்தச் சாசனத்தைத் திருத்துவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டார்களோ, அதையே பாதுகாப்பதாக எவ்வாறு பிரமாணம் செய்வது என்பது லீக் கட்சியின் கேள்வியாக இருந்தது.

ஏப்ரல் 23ஆம் தேதி தொடங்கிய கூட்டத்தொடரில் புதிய உறுப்பினர்கள் கலந்துகொள்ளவில்லை. பின்னர், தங்களைத் தெரிவு செய்த மக்கள் நாடாளுமன்றத்தில் தங்களைக் காண விரும்புகின்றனர் என்று காரணம் கூறி, மே 2ஆம் தேதி அதே வாசகத்தைப் படித்துப் பதவியேற்றனர். சொல் மாறவில்லை, உறுப்பினர்களே இறங்கி வந்தனர்.

தமிழர் அரசியலில் இரு முன்னுதாரணங்கள்

இத்தகைய நெருக்கடி தமிழர்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியல் சாசனத் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுப்பதைக் கட்டாயமாக்கியது. திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. நான்கு ஆண்டுகளில், 1967இல், அக்கட்சி சென்னை மாநிலத்தின் ஆட்சியைப் பிடித்தது.

இலங்கையில் 1983 ஆகஸ்டில், ஜூலை வன்செயல்களின் பின்னணியில், ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்களது ஆசனங்களை இழந்தனர். வடக்கு, கிழக்கின் தமிழ் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு 1989 பொதுத் தேர்தல் வரை தாங்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இல்லை. அரசியல் தீர்வுக்கான வாதங்கள் அவைக்கு வெளியே தள்ளப்பட்டன.

இரு நாடுகளிலும் உறுதிமொழி எவரது நம்பிக்கையையும் மாற்றியதாகச் சொல்ல முடியாது. யார் அவைக்குள் நுழையலாம் என்பதையே அது தீர்மானித்தது.

2015: கட்சியைப் பாருங்கள், வேட்பாளரை அல்ல

அரசு விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்த லீக் கட்சி, தனது சொந்த வேட்பாளர் தேர்வில் கடுமையான மையக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தது. 2015 தேர்தலுக்குக் கிளைகள் பெயர்களை முன்மொழிந்தாலும் இறுதி முடிவு மத்திய செயற்குழுவிடமே இருந்தது. ஆகஸ்டில் பட்டியல் வெளியானபோது, 1988 மாணவர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான கோ கோ ஜி உள்ளிட்ட அந்தத் தலைமுறையினர் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. யாங்கோன் பிராந்திய அவையில் அரசைத் துணிந்து கேள்வி கேட்டவராக அறியப்பட்ட நியோ நியோ தின்னும் நிராகரிக்கப்பட்டார். அவர் பஹான் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்களில் ஒரு முஸ்லிம் கூட இருக்கவில்லை. வேட்பாளர்கள் தன்னிச்சையாக ஊடகங்களுடன் பேசுவதையும் கட்சி கட்டுப்படுத்தியது. தனிநபரைப் பார்க்காமல் கட்சிக்கு வாக்களியுங்கள் என்பதே ஆங் சான் சூசியின் பிரசாரமாக இருந்தது.

இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் தடைகளையும் ஊடுருவல் முயற்சிகளையும் பிளவுகளையும் கண்ட கட்சிக்கு ஒழுங்கு அவசியம் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். வாக்காளர்களும் அதை ஏற்றதாகவே முடிவுகள் காட்டின. லீக் கட்சிக்கு மத்திய நாடாளுமன்றத்தில் 390 இடங்கள் கிடைத்தன.

ஆனால் விமர்சகர்களுக்குக் கட்சிக்குள் இடம் சுருங்கியது. உட்கட்சி ஜனநாயகம் இல்லை என்று பகிரங்கமாகக் கூறிய யாங்கோன் உறுப்பினர் தெட் தெட் கைன் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி, 2019இல் தனிக்கட்சி தொடங்கினார். 2021 இராணுவப் புரட்சிக்குப் பின்னர் அவர் இராணுவ அரசில் அமைச்சரானார்.

விவாதம் இல்லாத பிரசாரம்

கட்சிக்குள் போட்டி இல்லாதபோது, பொது விவாதமாவது அந்தக் குறையை ஈடு செய்யலாம். மியன்மாரில் அதுவும் நடக்கவில்லை. கட்சிகளுக்கு அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறுகிய நேரம் ஒதுக்கப்பட்டது. உரையின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2020இல் தங்களது வாசகங்கள் வெட்டப்படுவதாகக் கூறி, கோ கோ ஜியின் மக்கள் கட்சி உள்ளிட்ட சில கட்சிகள் ஒளிபரப்பிலிருந்து விலகின.

போட்டியிடும் தகுதியே மறுக்கப்பட்டவர்களும் இருந்தனர். வேட்பாளரின் பெற்றோர் இருவரும் அவர் பிறந்தபோது குடிமக்களாக இருந்திருக்க வேண்டும் என்ற விதி, 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துடன் சேரும்போது, தலைமுறைகளாக அங்கு வாழும் இந்திய வம்சாவளியினரையும் பாதிக்கக்கூடியது. தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். 2020இல் லீக் கட்சி இரு முஸ்லிம்களை நிறுத்தியது. இந்திய வம்சாவளியினர் நிறைந்த மத்திய யாங்கோனின் பபேடான் தொகுதியில் சிது மாங் வென்றார்.

2021க்குப் பின்னர்

2021 பிப்ரவரி முதல் தேதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்று நாட்களுக்குப் பின்னர், நேபிடோவில் உறுப்பினர் விடுதியில் தங்கியிருந்த லீக் கட்சியின் சுமார் 70 உறுப்பினர்கள் தாங்களே கூடிப் பதவியேற்றனர். தெரிவான உறுப்பினர்கள் அமைத்த குழு, மார்ச் 31ஆம் தேதி 2008 சாசனம் இரத்தானதாக அறிவித்தது. 2012இல் பாதுகாப்பதாகச் சத்தியம் செய்ய நேர்ந்த அதே சாசனம் அது.

இராணுவம் 2023 ஜனவரியில் புதிய கட்சிப் பதிவுச் சட்டத்தை வெளியிட்டது. நாடளாவிய கட்சிகளுக்கு ஒரு லட்சம் உறுப்பினர்களும் பத்துக் கோடி சாட் நிதியும் வேண்டும் என்று அது தொடக்கத்தில் நிபந்தனை விதித்தது. பதிவு செய்ய மறுத்த லீக் கட்சி, வேறு பல கட்சிகளுடன் சேர்த்து, அவ்வாண்டு மார்ச் 28ஆம் தேதி கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2025 டிசம்பர் 28ஆம் தேதி கட்டம் கட்டமாகத் தொடங்கிய தேர்தலில் அக்கட்சி இல்லை. தேர்தலுக்கு இடையூறு செய்வோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் சட்டம் அதற்குச் சில மாதங்கள் முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தது.

2010இலும் 2023இலும் சட்டம் கேட்டது ஒன்றே: முதலில் எங்களுக்குக் கட்டுப்படுங்கள். லீக் கட்சி தன் வேட்பாளர்களிடம் கேட்டதும் வடிவில் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. ஆனால் ஒன்று துப்பாக்கியின் பலத்தில் நின்றது, மற்றொன்று மக்களின் அன்பில் நின்றது என்ற வேறுபாடு மிகப் பெரியது. என்றாலும், வேட்பாளர் வாக்காளரின் முன் நின்று தனது கருத்தைச் சொல்லி, எதிர்க்கேள்விக்குப் பதிலளிக்கும் வாய்ப்பு இரண்டிலும் குறைவாகவே இருந்தது.

மியன்மாரில் எதிர்காலத்தில் சுதந்திரமான தேர்தல் ஒன்று நடக்குமானால், பிரமாண வாசகம் திருத்தப்படுவதோடு, கட்சிகள் தங்களது வேட்பாளர்களை எவ்வாறு தெரிவு செய்கின்றன என்பதும் மாற வேண்டியிருக்கும்.