கம்பம் பள்ளத்தாக்கின் திருவிழா நாடகங்கள்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டி இரவில் நடத்தப்படும் மேடை நாடகங்கள் இரு வகைப்படும். தொழில்முறைக் கலைஞர்களை வரவழைத்து நடத்துவது ஸ்பெஷல் நாடகம். உள்ளூர் இளைஞர்களே வேடமிட்டு நடிப்பது சமூக நாடகம். முதல் வகையில் அதிகம் நடத்தப்படுவது 'வள்ளி திருமணம்'.

நாடகக் காலம்

1895இல் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் இப்பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பகுதியாயிற்று. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முந்தைய பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வயல் வேலை குறைவு, மழையும் குறைவு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா உட்பட அம்மன் கோயில் விழாக்கள் பல இக்காலத்தில்தான் வருகின்றன. திறந்தவெளியில் விடிய விடிய நாடகம் பார்க்க ஏற்ற காலமும் இதுவே.

வள்ளி திருமணம்

வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த பெண் குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்க்கிறான். தினைப்புனம் காக்கும் அவளைத் தேடி முருகன் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வருகிறான். யானையாக வந்து விநாயகர் அவளை அச்சுறுத்த, இறுதியில் திருமணம் நடக்கிறது. இக்கதையை இன்றுள்ள மேடை வடிவில் அமைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). இவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்னும் சிறுவர் நாடகக் குழுவை உருவாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் இளமையில் பயின்றது இக்குழுவில்தான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழுவோ ஒத்திகையோ கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனப் பெண், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே முன்பணம் கொடுத்து விழாக் குழுவினர் அமர்த்துவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவோர் மேடையில்தான் ஒன்றுகூடுவர். பாடல்களும் கதைப்போக்கும் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் இது இயலுகிறது. வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் நடிகர்கள் சொந்தமாகப் பேசலாம். யார் வாதத்தில் வெல்கிறார் என்று பார்க்கவே கூட்டம் விழித்திருக்கும்.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர்மக்களே நடத்தும் பாண்டமைம் நாடகம் இதனோடு ஒப்பிடத்தக்கது. சிண்டரெல்லா போன்ற தெரிந்த தேவதைக் கதை, பெண் வேடமிட்ட ஆண், கோமாளி, மேடைக்குப் பதில் குரல் கொடுக்கும் பார்வையாளர் ஆகியவை அங்கும் உண்டு. இரண்டிலும் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும்; இந்த ஆண்டு அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதே ஈர்ப்பு.

அரசியல் மேடை

1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துகைச் சட்டம் ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய ஆங்கில அரசுக்கு அதிகாரம் அளித்தது. பழைய புராணக் கதை அதற்கு ஒரு மறைவாக உதவியது. விஸ்வநாததாஸ் (1886–1940) வள்ளி திருமணத்தில் பறவை ஓட்டும் காட்சியை வெள்ளையரைச் சாடும் காட்சியாக்கினார். பலமுறை சிறை சென்றார். அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த மரபைப் பொதுவுடைமை மேடைக்குக் கொண்டுவந்தவர் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன். 1958இல் மலைக்கு அப்பால் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடிய பாடல்கள் தோட்டத் தொழிலாளரிடையே பரவின. அவருடைய தம்பி இளையராஜா இசைப் பயிற்சி பெற்றது அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற அந்த ஆண்டுகளில்தான்.

இளைஞர்களின் நாடகம்

சமூக நாடகத்தை எழுதுபவரும் இயக்குபவரும் நடிப்பவரும் ஊர்க்காரர்களே. பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் ஒத்திகை பார்ப்பர். திரைச்சீலையும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வரும். செலவு ஊர் வரியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் கிடைக்கும். அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றியபோது 'ஊர் சிரிக்கிறது', 'சும்மா ஒரு கதை' ஆகிய நாடகங்களை இவ்வாறு மேடையேற்றினார். 1977இல் இவர் இயக்கிய '16 வயதினிலே' படத்துக்கு இளையராஜா இசையமைத்தார்.

இந்நாடகங்களில் உள்ளூர்ப் பெண்கள் நடிப்பதில்லை. வெளியூர் நடிகையை அழைப்பர். அல்லது ஆண் ஒருவர் பெண் வேடமிடுவார். மேடையில் வள்ளியைக் கைகூப்பி வணங்கும் ஊர், வேடம் கலைந்தபின் அந்த நடிகையை மரியாதைக் குறைவாகப் பேசியதும் உண்டு. இந்த இழிவை நடிகைகள் எதிர்கொண்ட விதத்தை அமெரிக்க ஆய்வாளர் சூசன் சீசர் 2005இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இன்றைய நிலை

தொலைக்காட்சி வந்தபின் சமூக நாடகங்கள் அருகின. ஸ்பெஷல் நாடகத்துக்கு வேறொரு நெருக்கடியும் வந்தது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடந்த நாடகத்துக்கு உரிய நேரமே அதுதான். நேரத்தைக் குறைக்கும்போது தர்க்கக் காட்சி முதலில் சுருங்குகிறது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா ஊரடங்கால் திருவிழாக்கள் நின்று, அந்தச் சில மாத வருமானத்தை நம்பிய கலைஞர்கள் வாழ்வாதாரம் இழந்தனர்.

ஆயினும் வள்ளி திருமணம் வழக்கொழியவில்லை. பல ஊர்களில் அது வெறும் பொழுதுபோக்கு அன்று. அம்மனுக்குச் செய்யும் நேர்த்தி. அந்த நம்பிக்கையே கலைஞர்களுக்கு இன்றும் மேடை தருகிறது.