ரியாலிட்டி தொலைக்காட்சியில் கடனும் ஊதாரித்தனமும்

கடன்பட்ட குடும்பங்களின் வரவு செலவைக் கேமரா முன் விரித்துக்காட்டும் நிகழ்ச்சிகள், 2000-க்குப் பிறகு கனடா, பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் ரியாலிட்டி தொலைக்காட்சியின் தனி வகையாக வளர்ந்தன. கிரெடிட் கார்டும் வீட்டுக்கடனும் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்த காலம் அது. ஆலோசகர் வீட்டுக்கே வந்து கணக்கைத் திருத்துவது ஒரு பாணி. ஜப்திக்குப் போகிறவர்களின் பின்னாலேயே கேமராவும் போவது இன்னொன்று. கடனை அடைக்கும் பணத்தையே பரிசாக வைத்துப் போட்டி நடத்துவதும் உண்டு. இவற்றுக்கு நேர் எதிராக, ஆடம்பரச் செலவையே வேடிக்கையாக்கும் நிகழ்ச்சிகளும் அதே ஆண்டுகளில் பெருகின.

முன்னோடிகள்

பிறர் கஷ்டத்தை ஒளிபரப்புவது புதிதல்ல. அமெரிக்காவில் 1945-ல் வானொலியில் தொடங்கி 1964 வரை தொலைக்காட்சியில் நீடித்த 'குயீன் ஃபார் எ டே' நிகழ்ச்சியில், பெண்கள் தங்கள் வீட்டுத் துயரத்தைச் சொல்லி, வேண்டிய பொருளைக் கேட்பார்கள். யாருக்குக் கைதட்டல் அதிகம் என்று ஒரு கருவி காட்டும். வென்றவருக்குக் கிரீடமும் வெல்வெட் அங்கியும் சூட்டுவார்கள். 1950-களின் 'ஸ்ட்ரைக் இட் ரிச்' இன்னும் வெளிப்படையானது. பணமில்லாமல் தவிப்பவர்கள் வந்து கதை சொல்வார்கள். உதவ விரும்பும் நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். இதில் இடம் கிடைக்கும் என்று நம்பி நியூயார்க் வந்து, கிடைக்காமல் நகர நிர்வாகத்தின் உதவியை நாடியவர்கள் பெருகவே, நகர நலத்துறை கண்டனம் தெரிவித்தது. அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் கஷ்டப்படுபவர் இரக்கத்துக்கு உரியவர். அரை நூற்றாண்டு கழித்து வந்தவற்றில் அவர் திருத்தப்பட வேண்டியவர். இந்த வகையின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான்.

ஜாடிகளும் கத்தரிக்கோலும்

ஆலோசகர் பாணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவின் 'டில் டெட் டூ அஸ் பார்ட்'. 2005-ல் தொடங்கி 2011 வரை ஒளிபரப்பான இதை நடத்தியவர், ஜமைக்காவில் பிறந்து கனடாவில் குடியேறிய நிதி எழுத்தாளர் கெயில் வாஸ்-ஆக்ஸ்லேட். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கடனில் மூழ்கிய ஒரு தம்பதி. கெயில் முதலில் அவர்களுடைய வங்கிக் கணக்குகளைக் குடைவார். மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் தம்பதி ஒரு தொகை சொல்வார்கள். உண்மைத் தொகை அதைவிட எங்கோ உயரத்தில் இருக்கும். இதே போக்கில் போனால் 5 ஆண்டுகளில் கடன் எவ்வளவு ஆகும் என்று அடுத்து ஒரு கணக்கு. கணவன் மனைவியைப் பார்ப்பான், மனைவி தரையைப் பார்ப்பாள். கார்டுகள் கத்தரிக்கோலுக்கு இரையாகும்.

பிறகு வருவதுதான் நிகழ்ச்சியின் அடையாளமாகிப்போன கண்ணாடி ஜாடிகள். மளிகை, போக்குவரத்து, உடை, பொழுதுபோக்கு என்று எழுதி ஒட்டிய ஜாடிகளில் அந்த வாரத்துக்கான ரொக்கம் இருக்கும். ஜாடி காலியானால் அந்தச் செலவு அத்தோடு நின்றது. அஞ்சறைப்பெட்டியில் சில்லறை பிரித்து வைத்துக் குடும்பம் நடத்திய தலைமுறைக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. கார்டு தேய்த்தே பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி வைத்தியம். வருமானத்தில் 35 சதவீதம் வீட்டுக்கு, 15 போக்குவரத்துக்கு, 25 அன்றாட வாழ்வுக்கு, 15 கடனுக்கு, 10 சேமிப்புக்கு என்பது கெயிலின் சூத்திரம். வாராவாரம் தரப்படும் சவால்களில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பொறுத்து, முடிவில் 5,000 கனடா டாலர் வரை காசோலை கிடைக்கும்.

இந்த நிகழ்ச்சியை ஏளனமாக ஒதுக்கிவிட முடியாது. கெயில் கணக்கில் கறாரானவர். செய்யச் சொன்னவை செய்யக்கூடியவை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் வீட்டிலும் ஜாடி வைத்தார்கள். ஆனால் கதையின் கட்டமைப்பு எப்போதும் ஒன்றுதான்: கடனுக்குக் காரணம் தம்பதியின் குணம், தீர்வு அவர்களுடைய மனமாற்றம்.

ஜெர்மனியில் ஆர்.டி.எல். அலைவரிசை 2007 முதல் ஒளிபரப்பிய 'ராவ்ஸ் ஆவ்ஸ் டென் ஷுல்டன்' சற்று வேறு ரகம். அதன் நாயகர் பெர்லினைச் சேர்ந்த கடன் ஆலோசகர் பீட்டர் சுவெகாட். தொலைக்காட்சிக்கு வருமுன்னரே அதுதான் அவர் தொழில். குடும்பத்தின் வரவையும் கடனையும் பெரிய தாள் பலகையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கூட்டி, அடிக்கோடிடுவார். அதன்பின் கடன் கொடுத்தவர்களிடம் பேரம்: மொத்தத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவீர்களா? மசியவில்லை என்றால் மஞ்சள் கடுதாசிதான். தனிநபர் திவாலுக்கு ஜெர்மனியில் 1999 முதல் சட்ட வழி உண்டு. அப்போதெல்லாம் அது பல ஆண்டுகள் இழுக்கும், 2020-ல்தான் மூன்றாண்டாகக் குறைந்தது. சட்டமும் கடன் கொடுத்தவரும் திரையில் தலைகாட்டிய அளவில், ஜெர்மானிய நிகழ்ச்சி கனடா நிகழ்ச்சியைவிட நேர்மையானது என்றே சொல்லலாம். சுவெகாட் 2024-ல் காலமானார்.

கேமராவுக்குச் சிக்காதவை

கடை வாசலில் பைகளோடு நிற்பவரைப் படம் பிடிக்க முடியும். அலமாரியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் தொங்கும் உடையையும் காட்டலாம். வட்டியை எப்படிக் காட்டுவது? 10,000 டாலர் கார்டு கடனுக்கு ஆண்டுக்கு 19 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 158 டாலர் வட்டிக்கே போய்விடும். குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டுகிறவரின் அசல் அரிதாகவே அசையும். இது நடக்கும் இடம் கணினிக்குள். அங்கே காட்சி இல்லை, கண்ணீர் இல்லை. அதனால் காலணி கடனுக்குக் காரணமாகத் திரையில் பெரிதாகிறது, வட்டி சிறிதாகிறது.

எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2003-ல் எழுதிய 'தி டூ-இன்கம் டிராப்' என்ற நூல், அமெரிக்கக் குடும்பங்கள் திவாலாவதற்குக் கண்டபடி செலவழிப்பது முதன்மைக் காரணமல்ல என்று வாதிட்டது. வேலை போவது, மருத்துவச் செலவு, மணமுறிவு ஆகியவையே பெரும்பாலான குடும்பங்களைக் கவிழ்க்கின்றன. நல்ல பள்ளி உள்ள பகுதியில் வீடு வாங்கும் போட்டியில் மாத வருமானம் முன்கூட்டியே அடகு போய்விடுகிறது என்றார்கள். இதைப் படித்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தால், வேலை இழந்தவரைவிடக் கைப்பை வாங்கிக் குவிப்பவரையே நிகழ்ச்சிகள் விரும்புவது பளிச்சென்று தெரியும். மருத்துவக் கடன்காரரை எந்த ஆலோசகரும் திட்ட முடியாது. திட்டு இல்லையென்றால் நாடகம் இல்லை. லாரி ஊலெட், ஜேம்ஸ் ஹே ஆகிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட 'பெட்டர் லிவிங் த்ரூ ரியாலிட்டி டிவி' நூல் இதை விரிவான அரசியல் பின்னணியில் வைக்கிறது: அரசின் நலத்திட்டங்கள் சுருங்கும் காலத்தில், உன்னை நீயே நிர்வகித்துக்கொள் என்று கற்பிக்கும் வேலையை இத்தகைய நிகழ்ச்சிகள் ஏற்றுக்கொண்டன என்பது அவர்கள் வாதம்.

வாசலில் கேமரா

பிரிட்டனின் சேனல் 5, 2014 முதல் 2018 வரை ஒளிபரப்பிய 'காண்ட் பே? வி'ல் டேக் இட் அவே!' ஆலோசனைக்கே இடமில்லாதது. உயர் நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, கடனை வசூலிக்கவும் வீட்டைக் காலி செய்யவைக்கவும் போகும் முகவர்களோடு படக்குழுவும் போகும். முகவர்களின் சட்டையிலும் கேமரா இருக்கும். நம்மூர் அமீனா கதவைத் தட்டினால் தெரு வேடிக்கை பார்க்கும். இங்கே நாடே பார்த்தது.

வாடகை பாக்கிக்காக 2015-ல் வெளியேற்றப்பட்ட ஒரு தம்பதி சேனல் 5 மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வீட்டுக்குள் எடுத்த காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகியிருந்தன. கடன் வசூல் பொதுநலன் சார்ந்த பொருள்தான் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் வீட்டுக்குள் ஒருவர் படும் அவமானத்தையும் வேதனையையும் காட்ட அது போதிய காரணமாகாது என்றும் கூறி, 2018 பிப்ரவரியில் இருவருக்கும் தலா 10,000 பவுண்டு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் அதை உறுதிசெய்தது.

ஆடம்பரம் தரும் புகழ்

மறுமுனையில் இருப்பது 'தி ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் நியூ ஜெர்சி' போன்ற தொடர்கள். 2009-ல் வெளியான அதன் முதல் பருவத்தில், நட்சத்திரங்களில் ஒருவரான தெரசா ஜூடிச்சே புதுவீட்டுக்கு வாங்கிய அறைகலன்களுக்குக் கட்டுக்கட்டாக ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் காட்சி பிரபலம். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் கணவரும் திவால் மனு போட்டார்கள். சொத்தை மறைத்தது, பொய் விவரம் தந்து கடன் வாங்கியது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்ட பிறகு, 2014-ல் அவருக்கு 15 மாதமும் கணவருக்கு 41 மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை முடிந்து வந்த தெரசா மீண்டும் தொடரில் தோன்றினார். ஜாடி வைத்துச் சிக்கனம் பழகிய தம்பதிகளை ஒரு வாரம் பார்த்து மறந்த தொலைக்காட்சி, இவருக்கு நிரந்தர இடம் கொடுத்தது.

பரிசாகக் கடன் தீர்வு

2018-ல் அமெரிக்காவின் ட்ரூ டிவி தொடங்கிய 'பெய்ட் ஆஃப்' வினாடி வினாவில், வெற்றி பெறுபவரின் கல்விக்கடனை நிகழ்ச்சியே அடைக்கும். அப்போது அமெரிக்க மாணவர்களின் மொத்தக் கடன் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டாலர். தன் வீட்டுக் கல்விக்கடனை ஓர் உள்ளாடை விளம்பரத்தில் நடித்த பணத்தால் அடைத்ததாகச் சொன்னவர், இதை நடத்திய நடிகர் மைக்கேல் டார்பி. இப்படியொரு போட்டி நடக்க வேண்டியிருப்பதே அபத்தம் என்று மேடையிலேயே கிண்டலடித்த அவர், உங்கள் மக்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டு வேறு வழி கேளுங்கள் என்று நேயர்களைத் தூண்டுவார்.

இந்தியாவில் கடன் தனி நிகழ்ச்சியாகவில்லை. 2000-ல் வந்த 'கோன் பனேகா குரோர்பதி', சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' போன்ற வினாடி வினாக்களில், போட்டியாளரின் குடும்பச் சிரமத்தைச் சொல்லும் அறிமுகப் படத்தின் ஓரத்தில்தான் அது எட்டிப்பார்த்தது. 'குரோர்பதி'யின் தொகுப்பாளர் நாற்காலியில் அமர்ந்த அமிதாப் பச்சனே அப்போது கடனாளி, அவருடைய ஏ.பி.சி.எல். நிறுவனம் நொடித்து, சுமார் 90 கோடி ரூபாய் கடன் தலைமேல் இருந்தது. பின்னாளில் அவரே பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசிய அந்தக் கதைக்கு நிகழ்ச்சியில் இடமிருக்கவில்லை.