அணைக்கட்டும் அனிகட்டும்

நிலக்கடலை விதைத்து நாற்பது நாள் கடந்ததும், இரண்டாம் களை எடுத்த கையோடு இன்னொரு வேலையும் நடக்கும். வரிசையின் இரு பக்கத்து மண்ணையும் கொத்திக் கிளறிச் செடியின் அடியில் சேர்த்துவிடுவார்கள். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணுக்குள் புகுந்து காயாக வேண்டும். அதற்குப் பொலபொலப்பான மண் அங்கே காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் மண் அணைத்தல். கரும்புக்கும் அணைப்பார்கள், காற்றில் சாயாமல் நிற்கும். ஆற்றின் குறுக்கே நிற்கும் அணையின் பெயரைப் புரிந்துகொள்ள இந்தக் கடலைக் கொல்லையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

அணைப்பது என்றால் ஒட்டி நின்று தாங்குவது. தாய் பிள்ளையை அணைக்கிறாள். தலையைத் தாங்குவது தலையணை, அரசனைத் தாங்குவது அரியணை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 'அணை' என்ற சொல்லின் கீழ் மெத்தையையும் இருக்கையையும் நீரைத் தடுக்கும் கரையையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

இந்தக் கரைக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்றும் உண்டு. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில், பாய்ந்து வரும் படையைத் தனியொருவனாக நின்று தாங்கும் வீரனுக்கு, விரைந்து வரும் வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் கல்தடுப்பு உவமையாகிறது. அங்கே வரும் சொல் 'கற்சிறை'. கல்லால் ஆன சிறை! தண்ணீரைப் பிடித்துவைக்கும் இடத்தைச் சிறை என்று சொன்ன மொழி, பிறகு அந்தச் சொல்லைக் கைதிகளுக்கு விட்டுவிட்டு, ஆற்றுக்கு 'அணை'யை எடுத்துக்கொண்டது. நல்ல மாற்றம்தான். பழைய ஆற்று அணைகள் பெரும்பாலும் தண்ணீரைச் சிறை வைக்கவில்லை.

கல்லணையைப் பார்த்தாலே இது விளங்கும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தச் சுவரின் நீளம் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் 5.4 மீட்டர்தான். அடித்தளத்திலிருந்து 15 மீட்டராவது எழும்பினால்தான் 'பெரிய அணை' என்று சர்வதேசப் பெரிய அணைகள் ஆணையம் பொதுவாக ஏற்கும். உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கல்லணை தாண்டுகிறது. அதன் வேலையும் வேறு. திருவரங்கத் தீவின் கீழ்முனையில் காவிரிப் படுகை மேடு, கொள்ளிடம் பள்ளம். விட்டால் காவிரித் தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும். அதைச் சரியவிடாமல் தஞ்சைப் பக்கம் அணைத்து நிறுத்துவதும், வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்கு வழிவிடுவதும் கல்லணையின் பணி. சேமித்து வைப்பது அதன் பொறுப்பே அல்ல.

கட்டிய விதமும் 'அணை' என்ற சொல்லுக்குப் பொருந்துகிறது. ஆற்றில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல்தான். பெரிய கற்களைப் போட்டார்கள். அவை மணலுக்குள் அமிழ்ந்தன. அவற்றின் மேல் இன்னும் கற்கள், அவையும் அமிழ்ந்தன. இனி அமிழாது என்ற நிலை வந்ததும் களிமண்ணை இடையில் பூசிச் சுவர் எழுப்பினார்கள். மணல் கல்லை அணைக்க, கல் தண்ணீரை அணைத்தது. அடி காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த முன்னோரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மனமாரப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் காட்டன் வழியாகத்தான் 'அணைக்கட்டு' என்ற சொல் கப்பலேறியது. 1830களில் கொள்ளிடம் மேலும் மேலும் பள்ளமாகி, காவிரியின் பங்கை இழுத்துக்கொண்டிருந்தது. 1836இல் தொடங்கி, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஒன்றும் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் ஒன்றுமாக இரண்டு அணைக்கட்டுகளைக் காட்டன் கட்டினார். ஊர்க்காரர்களுக்கு அவை மேலணை, கீழணை. கீழணை இருக்கும் ஊரின் பெயரே அணைக்கரை. ஆங்கிலேயர் நாவில் 'அணைக்கட்டு' சுருங்கி 'அனிகட்' ஆயிற்று. கல்லணை 'கிராண்ட் அனிகட்' ஆயிற்று. 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரத்தில் அவர் கட்டிய பெரும் தடுப்பும் அனிகட் என்றே பதிவேறியது. தெலுங்கர்களுக்கு அந்தச் சொல்லில் அந்நியம் ஏதும் இல்லை. அவர்கள் மொழியில் ஆனகட்ட, கன்னடத்தில் அணெகட்டு, மலையாளத்தில் அணக்கெட்டு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இது தமிழ்ச் சொல் என்று தெளிவாகக் குறித்து, இந்தியா முழுவதும் பழகிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அது மிகையில்லை. ராஜஸ்தானின் வறண்ட ஊர்களில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையின் குறுக்கே கட்டும் சிறு தடுப்பை இன்றைக்கும் 'எனிகட்' என்றுதான் சொல்கிறார்கள். காவிரியை ஒருநாளும் பார்த்திராத ஒரு விவசாயி, தன் கிணற்றில் ஊறும் தண்ணீருக்குக் காரணம் சொல்லும்போது ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரிக்கிறார். இலங்கையின் நீர்ப்பாசனத் துறையிலும் அனிகட் வழக்குச் சொல்தான்.

இருபதாம் நூற்றாண்டில் 'அணை'யின் பொருள் மெல்ல நகர்ந்தது. 1934இல் மேட்டூர் முடிந்தது: 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி கன அடி. அதற்குப் பிறகு நாளிதழில் வரும் வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும்: "மேட்டூர் அணை நிரம்பியது." சுவர் எப்படி நிரம்பும்? தேங்கிய நீர்தான் நிரம்பும். சுவரின் பெயர் தண்ணீருக்கு ஏறிவிட்டது. கல்லணை நிரம்பியது என்று யாரும் சொல்வதில்லை. பவானிசாகர், கிருஷ்ணராஜ சாகர், நாகார்ஜுன சாகர் என்று கடலின் பெயர் வைத்தவர்கள் சுவரை விட்டுத் தண்ணீரையே கண்ணில் கொண்டார்கள். தமிழில் 'நீர்த்தேக்கம்' என்ற துல்லியமான சொல் இருந்தும், பேச்சில் அணையும் 'டேமு'மே எல்லாவற்றையும் சுமக்கின்றன.

நாட்டின் நீர்க்கணக்கும் அப்படியே. இந்தியாவில் உருவாக்கப்பட்ட பயன்படு கொள்ளளவு 257.812 பில்லியன் கன மீட்டர் என்று மத்திய நீர் ஆணையம் மதிப்பிட்டு, வாரந்தோறும் பெரிய நீர்த்தேக்கங்களின் இருப்பை வெளியிடுகிறது. டி.எம்.சி.யில் அது ஏறக்குறைய 9,100. அந்தப் பட்டியலில் கல்லணையைத் தேடினால் கிடைக்காது. தேக்கிவைப்பதை மட்டுமே எண்ணும் கணக்கில், திருப்பிவிடுவதற்கு எண் இல்லை. இது வருத்தத்துக்குரியது. தேக்கியதைக் கொண்டுசேர்க்க ஆளில்லையென்றால் 93 டி.எம்.சி.யும் வயலுக்கு வராது.

பழைய வேலைப் பிரிவினை இன்னும் உயிரோடு இருக்கும் இடம் கீழணை. கொள்ளிடத்தில் வரும் நீரைக் கீழணை நிறுத்தித் திருப்புகிறது. வடவாறு அதை எடுத்துப்போகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரி வாங்கிவைத்துக்கொள்கிறது, 1.465 டி.எம்.சி. அங்கிருந்து குழாய் வழியே 2004 முதல் சென்னைக்குக் குடிநீர். அணை அணைக்கிறது, ஆறு கடத்துகிறது, ஏரி சேமிக்கிறது; மூன்று வேலைக்கும் மூன்று சொல்.

மேலணைக்கு 2018 ஆகஸ்ட் 22 இரவு சோதனை வந்தது. வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் உடைந்து போயின. 180 ஆண்டு நின்ற வேலை. மாற்றாக அங்கே கட்டியதற்குக் 'கதவணை' என்று பெயர்: கதவுள்ள அணை, 'பேரேஜ்' என்பதற்குத் தமிழ் தானே கண்டெடுத்த சொல். கரூர் மாயனூரிலும் அதே சொல்தான். கொல்லைப்புற ஓடைகளுக்குத் தடுப்பணை.

மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அங்கே மதகைத் தூக்கியதும், பூவும் நெல்லும் தூவி வணங்குவார்கள். அங்கிருந்து தண்ணீர் போகும் வழிகள் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நான்காவதாக மேட்டூர்த் திட்டத்தில் வெட்டிய கால்வாய். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் பெரியவர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். மற்றவர்களுக்கு அது ஜி.ஏ. கெனால். அந்த 'ஏ' அனிகட்டின் 'ஏ'. கரையில் நாற்று விடக் காத்திருப்பவர், இங்கிருந்து போன சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்: "ஜி.ஏ.வுல தண்ணி வந்துட்டுதா?"