சீதன வளவின் மரங்கள்

இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் மரங்களின் கதையை எழுதப் போனால் பெண்பிள்ளைகளின் கல்யாணக் கதையைத்தான் எழுத வேண்டி வரும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலுக்கும் வயல் வட்டைக்கும் நடுவே நீளும் இந்த மணல் துண்டில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்தவள் கல்யாணத்தோடு உம்மாவும் வாப்பாவும் தாங்கள் இருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையில் குடிலொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்தக் குடில் பெருத்து அடுத்தவளின் சீதனமாகும். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தன் நூலில் தாய்வழிக் குடிமுறையையும் சீதனத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார். நான் மரங்களின் பக்கத்தைச் சொல்கிறேன்.

மணலில் கன்று வைப்பது சும்மா காரியமில்லை. ஊற்றிய தண்ணீர் நிற்கவே நிற்காது. என் உம்மம்மா இடுப்பளவு குழி வெட்டுவிப்பார். அடியில் பொச்சு மட்டை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு அடுக்கு. அதன்மேல் வட்டையிலிருந்து மாட்டு வண்டிலில் வந்த களிமண், பிறகு காய்ந்த எரு. மீன் அறுத்த கழிவு ஒரு சட்டி, வேரைத் தொடாமல் ஓரமாகப் போகும்; நாய் கிளறாதிருக்க மேலே முள்ளுக் கொப்பு. கன்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பானை, அடியில் துளை, துளையில் துணித்திரி. கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால் கோடையிலும் வேரடி ஈரமாகவே இருக்கும். பெண் குழந்தை பிறந்த வீட்டில் அந்த மாரியிலேயே பலாக்கன்று வைத்துவிட வேண்டும் என்பார்; அவள் வீடு ஏறும்போது மரமும் காய்க்க வேண்டுமாம்.

கிணற்றடியில் வாழை, அடுப்படிக்குப் பின்னால் தேசியும் பிலிம்பியும், மூலையில் ஈரப்பலா, படலையடியில் ஜம்பு, வேலியோரம் கொய்யா, அன்னமுன்னா, மாதுளை, மருதோன்றி. பாலைப்பழமும் வீரைப்பழமும் காட்டிலிருந்து வரும். அவற்றை யாரும் நட்டதில்லை. கொய்யாவும் அன்னமுன்னாவும் பப்பாசியும் மரமுந்திரிகையும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கப்பல்களோடு நம் பக்கம் வந்தவை. அதே போர்த்துக்கேயரின் நெருக்குதலால் இடம்பெயர்ந்த முஸ்லிம்களைத்தான் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். துரத்தியவர்கள் கொண்டுவந்த பழத்தைத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வேலியோரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

மதில் வருவதற்கு முன் ராத்தாவின் வளவுக்கும் தங்கச்சியின் வளவுக்கும் நடுவே கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. கறிச்சட்டி, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் பொட்டு வழியே போய்வரும், கன்றும் அப்படித்தான். மாதுளைக் கொப்பில் விரலளவுக்குப் பட்டையைச் சுற்றிச் சீவி, எருவும் களியும் பிசைந்து அப்பி, சாக்குத் துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். துணிக்கு வெளியே வேர் தலைகாட்டியதும் வெட்டி எடுத்தால் அது தங்கச்சியின் மரம். என் வளவில் நிற்கும் மாதுளை உம்மம்மாவின் மரத்திலிருந்து உம்மாவுக்கு வந்து, அவரிடமிருந்து பதியமாக எனக்கு வந்தது. காணி உறுதியில் இந்த மரத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

1978 நவம்பரில் அடித்த சூறாவளி தென்னையையும் ஈரப்பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. அதையடுத்து அரபு நாட்டுக் காசு வந்தது, கிடுகு போய் மதில் எழுந்தது. வளவுகள் வெறிச்சோடியதற்கு அந்தக் காசைத்தான் ஊரில் பழி சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ். நாலு மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 40. அவர்களுக்கும் நாலு நாலு மகள்மார் என்றால் பேத்திக்கு 10. பத்துப் பேர்ச்சஸில் வீடும் கிணறும் மலசலகூடமும் போக ஈரப்பலாவுக்கு எங்கே இடம்? அவளுக்கென்று வைத்த மரம் அவள் வீட்டுக்காகவே விழுந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். என் தலைக்கு மேல் கூரை தந்தது அதுதான். ஆனாலும் கணக்கு இதுதான்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியது. நாட்டிலேயே ஆக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மரங்களைப் பற்றி அப்போது யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. இந்த மணலுக்குக் கீழே உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் மெல்லியதாக மிதந்து நிற்கிறது. கடல்நீர் நிறைந்த கிணறுகளைத் துப்புரவாக்க மோட்டர் வைத்து இறைக்க இறைக்க, சில இடங்களில் அடியிலிருந்த உப்பும் மேலே வந்தது. தென்னை தாங்கிக்கொண்டது. வாழை கருகியது, மா இலை கொட்டியது, ஈரப்பலா நின்றபடியே பட்டுப்போனது. உப்பைக் கழுவ மாரி மழைதான் வர வேண்டியிருந்தது.

இப்போது ஒட்டு மாங்கன்றுகள் மொட்டை மாடியில் வெட்டிய பீப்பாய்களில் நிற்கின்றன. காத்தான்குடிக்காரர்கள் பிரதான வீதியின் நடுவே வைத்த பேரீச்சைகள் காய்த்துப் பழுத்தன. கல்முனையிலும் மரம் வைக்க வீதியோரத்தில் இடம் இருக்கிறது. மாநகரசபை வேண்டாம், ஒரு பள்ளிவாசல் மனம் வைத்தாலே போதும்.

என் மூத்த மகளுக்கு வளவின் பின்பாதியில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போகிறோம். மாதுளை நிற்பது சரியாகச் சமையலறைச் சுவரில். பிளானை மூன்றடி தள்ளலாமா என்று மேசன் பாயிடம் கேட்டிருக்கிறேன். "தள்ளினா வேன் நிக்காது உம்மா" என்கிறாள் மகள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று கொப்பில் பதியம் கட்டிவிட்டேன். ஒன்று அவளுக்கு, ஒன்று இளையவளுக்கு, மற்றது கேட்கிறவர்களுக்கு.