தோரியனைற்றும் ஆனந்த குமாரசுவாமியும்

ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நாம் பெரிதும் அறிவோம். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றியமை உரிய அளவு கவனிக்கப்படவில்லை. கண்டிக்கு அண்மையில், அம்பக்கோட்டையைச் சார்ந்த கங்காப்பிட்டியவிற் கிடைத்த செரண்டிபைற்று என்னும் புதிய கனியத்தை அவரும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரையரும் 1903இல் விவரித்தனர். அதனினும் விளைவு மிக்கது, 1904இல் அவரது அளவைப் பணியின்போது அறியப்பட்ட தோரியனைற்று ஆகும்.

இதன் இயல்பை விளங்கிக்கொள்வதற்குக் காபன் கூட்டத்து மூலகங்களின் ஒட்சைட்டுக் கனியங்களோடு ஒப்பிடுதல் தகும். சிலிக்கனின் ஈரொட்சைட்டாகிய படிகக்கல் கண்டி மலைப்பாறைகளிற் பரவலாகக் காணப்படுவது. அதன் தன்னீர்ப்பு 2.65. வெள்ளீயத்தின் ஈரொட்சைட்டாகிய கசிற்றரைற்றுக்கு அது ஏறத்தாழ 7. தோரியமும் நான்கு வலுவளவுடையதாதலின், பழைய ஆவர்த்தன அட்டவணையில் இவற்றுடன் நான்காங் கூட்டத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. 1945இல் சீபோர்க் வெளியிட்ட திருத்தத்தின் பின்னரே அது அக்ரினைட்டுத் தொடருக்கு மாற்றப்பட்டது. தோரியத்தின் ஈரொட்சைட்டே தோரியனைற்று. கரிய கனசதுரப் பளிங்குகளாக அமையும் அதன் தன்னீர்ப்பு 9க்கும் மேற்பட்டது.

இவ்வேறுபாடே கனியத்தை வெளிப்படுத்தியது. சப்பிரகமுவப் பகுதியில் இரத்தினக்கல் அகழ்வோர் 'இல்லம்' எனப்படும் சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவர். இலேசான படிகமணல் வெளியேற, பாரமான மணிகள் அடியில் தங்கும். ஆய்வுகூடத் தராசுக்கு முன்னர் இக்கனியத்தைப் பிரித்தெடுத்தது அவர்களது கைத்திறனே.

பகுப்பாய்வும் பெயரிடலும் இலண்டனில், ஏகாதிபத்திய நிறுவனத்துப் பணிப்பாளர் டன்ஸ்ரனால் நிகழ்ந்தன. வாயு விளக்குகளின் வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்டமையால் கனியமும் கப்பலேறியது. 1905இல் ஒட்டோ ஹான், இராம்சேயின் ஆய்வுகூடத்தில், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். தோரியம் சிதைந்து இறுதியில் காபன் கூட்டத்தைச் சேர்ந்த ஈயமாகின்றது. இலங்கைத் தோரைற்றில் அடங்கிய ஈயத்தை 1914இல் ஆராய்ந்த சொடி, அதன் அணுநிறை சாதாரண ஈயத்தின் 207.2ஐ விட அதிகமெனக் கண்டார். ஒரே மூலகத்தின் அணுக்கள் வேறுபட்ட நிறையுடையனவாதல் கூடும் என்னும் சமதானிக் கொள்கைக்கு அது வலுவான சான்றாயிற்று.

இவ்வளவு அறிவுக்கும் மூலப்பொருளை வழங்கிய நாட்டில் அதனை முழுமையாக ஆராய்வதற்கேற்ற ஆய்வுகூடமோ பல்கலைக்கழகமோ அன்று இருக்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலேயே தோன்றிற்று. குடியேற்றவாதம் மூலப்பொருளை மட்டுமன்றி, அதனின்று அறிவை ஆக்கும் வாய்ப்பையும் அகற்றியது எனலாம். குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் தொழிலறிவைப் பதிவுசெய்தது. அந்நிய ஆட்சியில் அது நலிந்தமையையும் கண்டித்தது. அத்தகைய கவனம் இரத்தினச் சரளையைக் கழுவியோருக்கும் உரியது. தோரியனைற்றின் வரலாற்றிற் டன்ஸ்ரன், ஹான், சொடி ஆகியோரின் பெயர்கள் நிலைத்துள்ளன. அவர்களுக்கு முன் நின்ற உழைப்பாளரின் இடத்தையும் நிறுவுதல் நமது ஆய்வின் கடமையாகும்.