கனவானின் வண்டியும் நாடோடியின் வண்டியும்

வீடு என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வண்டி என்பது நில்லாமல் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, உண்ணவும் உறங்கவும் வசதியுள்ள ஒரு வீட்டையே சாலையில் இழுத்துச் செல்லும் வழக்கம் மேல்நாடுகளில் பெருகியுள்ளது. விடுமுறை வந்ததும் காருக்குப் பின்னால் ‘காரவன்’ என்னும் வண்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புறப்படுகின்றனர். இவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். வண்டி ஒன்றே, சாலையும் ஒன்றே. ஆனால், ஏறிச் சென்றவர் யார் என்பதைப் பொறுத்து அதே பயணம் ஒருவருக்கு உல்லாசமாகவும், மற்றொருவருக்குக் குற்றமாகவும் கருதப்பட்டது.

மருத்துவரின் தரைக்கப்பல்

இங்கிலாந்தில் இன்பத்துக்காகவே வண்டி வீட்டில் நெடும்பயணம் சென்றவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரரான இவர் ஆங்கிலேயக் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பின்னர் பெர்க்ஷயர் வட்டாரத்தில் உள்ள டுவைஃபோர்டு என்னும் ஊரில் தங்கி, சிறுவர்க்கான வீரதீரக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றார்.

அவருடைய விருப்பப்படி பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று 18 அடி நீளமுள்ள ஒரு வண்டியைச் செய்து கொடுத்தது. ‘வாண்டரர்’, அதாவது ‘திரிபவன்’ என்பது அதன் பெயர். மகாகனி முதலிய உயர்ந்த மரங்களால் இழைக்கப்பட்ட அவ்வண்டியின் முன்பகுதி புத்தக அலமாரியுடன் கூடிய சிறு கூடமாகவும், பின்பகுதி சமையல் அறையாகவும் அமைந்திருந்தன. சாமான்கள் ஏற்றிய நிலையில் அதன் எடை ஏறக்குறைய இரண்டு டன். கடல் வாழ்க்கையை மறவாத மருத்துவர் அதனைத் ‘தரைக்கப்பல்’ என்றே அழைத்தார்.

1885ஆம் ஆண்டில் அவர் டுவைஃபோர்டிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இரண்டு குதிரைகள் வண்டியை இழுத்தன. வண்டியோட்டியும் பணியாள் ஒருவரும் உடன் சென்றனர். ஒரு நாயும் ஒரு கிளியினப் பறவையும் அப்பயணத்தில் பங்கு கொண்டன. பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, மேடு பள்ளங்களையும் எதிர்வரும் வண்டிகளையும் கண்டு எச்சரிப்பார். இரவில் குதிரைகளை ஒரு சத்திரத்தில் சேர்த்துவிட்டு வண்டியை வசதியான இடத்தில் நிறுத்துவர். இவ்வாறு இங்கிலாந்தைக் கடந்து ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள இன்வர்னஸ் நகர் வரை சென்ற அப்பயணத்தின் தொலைவு 1,300 மைல். அதன் விவரங்களை 1886இல் நூலாக வெளியிட்டார். 1891இல் வெளியான அவருடைய மற்றொரு பயண நூலின் தலைப்பில் தம்மைக் ‘கனவான் ஜிப்ஸி’ என்று குறித்துக்கொண்டார்.

‘ஜிப்ஸி’ என்னும் பெயர்

கனவானாகிய ஒருவர் தம்மை ஜிப்ஸி என்று விளையாட்டாகக் கூறிக்கொள்ளலாம். ஆனால், பிறப்பால் ஜிப்ஸிகளாக இருந்தவர்களுக்கு அப்பெயர் விளையாட்டாக இருக்கவில்லை.

ஜிப்ஸிகள் எனப்படும் ரோமானி மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஆங்கிலேயர் தவறாக எண்ணியதால் அப்பெயர் உண்டாயிற்று. உண்மையில் அவர்களுடைய மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டு மேற்கே சென்றவர்கள். அவர்களுடைய மொழியே இதற்குச் சான்று. ரோமானி மொழியில் தண்ணீர் ‘பானி’, மூக்கு ‘நாக்’, கருமை ‘காலோ’. இந்தி அறிந்தவர்க்கு இச்சொற்கள் புதியவை அல்ல. வட இந்திய மொழிகளோடு இம்மொழிக்குள்ள உறவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர்.

இம்மக்கள் இங்கிலாந்தை அடைந்த சிறிது காலத்திலேயே சட்டம் அவர்கள்மேல் பாய்ந்தது. 1530இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் அவர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது; முன்பே வந்தவர்களை 16 நாட்களில் வெளியேறுமாறு கட்டளையிட்டது. 1554ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளியேறாமல் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியவர்க்கு மரண தண்டனை என்று கூறியது. இக்கொடுமை சட்டப் புத்தகத்திலிருந்து முற்றிலும் நீங்க நெடுங்காலம் ஆயிற்று.

அதற்குப் பின்னர், 19ஆம் நூற்றாண்டில், அவர்கள் கூடாரங்களோடு குதிரை வண்டி வீடுகளையும் பயன்படுத்தத் தொடங்கினர். குடும்பம் முழுவதும் தங்குவதற்குரிய வண்டி, உள்ளே அடுப்பு, வெளியே வண்ண வேலைப்பாடு. மருத்துவர் ஸ்டேபிள்ஸுக்கு முன்னரே சாலைகளில் ஓடிய வண்டி வீடுகள் இவை.

ஒரே காலம், இரு நீதிகள்

மருத்துவர் தம் தரைக்கப்பலில் புறப்பட்ட அக்காலத்திலேயே, கோல்வில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் நகரும் குடியிருப்புகளைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். சிறுவயதில் செங்கற்சூளையில் உழைத்துத் துன்புற்றவர் ஸ்மித். சூளைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காகவும், கால்வாய்ப் படகுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்காகவும் வாதாடிச் சட்டங்கள் இயற்றச் செய்த பெருமை அவருக்கு உண்டு. வண்டி வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரிகள் உள்ளே புகுந்து சோதனை செய்ய வேண்டும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகள்.

குழந்தைகள் கல்வி பெற வேண்டும் என்பதில் அவருக்கிருந்த ஆர்வம் மெய்யானதே. ஆனால், அம்மக்களின் வாழ்க்கை முறையையே இழிவாகக் கருதிய அவர், அவர்களுடைய கருத்தைக் கேட்கவில்லை. 1889இல் ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தும் தொழிலாளர்கள் இம்மசோதாவை எதிர்த்துத் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பாராளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் மசோதா நிறைவேறவில்லை.

இதற்கிடையே கனவான்களின் பயணம் வளர்ந்தது. 1907இல் இங்கிலாந்தில் காரவன் கழகம் தோன்றியது. மருத்துவர் ஸ்டேபிள்ஸ் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். 1910இல் அவர் மறைந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், பர்மிங்ஹாம் நகரத்து எக்கிள்ஸ் நிறுவனம் காரின் பின்னால் பூட்டி இழுக்கும் காரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. குதிரை பூட்டிய இடத்தில் இயந்திரம் வந்தது. செல்வர்க்கு மட்டும் உரியதாக இருந்த இன்பம் நாளடைவில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் கிட்டியது.

நாடோடியின் நிலையோ வேறு. 1959ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், சாலையில் முகாமிடும் ‘ஜிப்ஸி’ குற்றவாளி என்று பெயர் சொல்லியே கூறியது. விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் அதே இடத்தில் காரவனை நிறுத்தினால், அந்தப் பிரிவு அவர்களைத் தீண்டாது. 1960ஆம் ஆண்டுக் காரவன் நிலையச் சட்டத்தால், அவர்கள் வழக்கமாகத் தங்கிய இடங்கள் பல மூடப்பட்டன. இதனை உணர்ந்த பாராளுமன்றம், அவர்களுக்குத் தங்குமிடம் அமைத்துத் தருவது உள்ளூர் மன்றங்களின் கடமை என்று 1968இல் சட்டம் செய்தது. அக்கடமையும் 1994இல் நீக்கப்பட்டது.

2022ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வண்டியுடன் தங்கித் தீங்கோ தொல்லையோ விளைவித்து, சொல்லியும் வெளியேறாதவர்க்குச் சிறைத்தண்டனை உண்டு என்றது. வண்டியைப் பறிமுதல் செய்யவும் இடமளித்தது. வாழும் வீடே வண்டியாக உள்ளவர்க்கு அதன் பொருள் வீட்டை இழப்பதன்றோ? ஓரிடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் 12 மாதங்களுக்குத் திரும்பி வரலாகாது என்னும் விதி, மனித உரிமைகளுக்குப் பொருந்தாதது என்று 2024இல் உயர் நீதிமன்றம் அறிவித்தது.

வரலாறு காட்டுவது

மருத்துவர் ஸ்டேபிள்ஸின் பயணம் குறை கூறத்தக்கதன்று. தூய காற்றும் திறந்த வெளியும் மனிதனுக்கு நலம் தரும் என்று எடுத்துக்காட்டிய அவருடைய நூல், பின்வந்த பலரை வீட்டை விட்டு வெளியே அழைத்துச் சென்றது. ‘வாண்டரர்’ வண்டியும் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆனால், அவரிடம் இருந்தது வண்டி மட்டுமன்று. திரும்பிச் செல்ல டுவைஃபோர்டில் ஒரு வீடு இருந்தது. கையில் பணம் இருந்தது. பெயருக்கு முன் ஒரு பட்டமும் இருந்தது. இவை உள்ளவன் சாலையில் தங்கினால் அது பயணம். இல்லாதவன் தங்கினால் அது திரிதல் என்று உலகம் எண்ணியது. நாடோடியின் வாழ்க்கையிலிருந்து அவனுடைய வண்டியை மட்டும் விரும்பி ஏற்றுக்கொண்ட சமுதாயம், அவ்வண்டியை நிறுத்த அவனுக்குச் சிறிது இடம் கொடுக்கத் தயங்கியது. சாலை எல்லார்க்கும் பொது என்பது உண்மையானால், அதன் ஓரத்தில் இளைப்பாறும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும்.