படகை இழுத்த தோள்கள்

ஆரணியைத் தொட்டுச் செல்லும் கமண்டல நாகநதியில் படகு ஓடியதாகச் சேவூரில் நாம் எவரும் கேட்டதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு அது. எனினும் அது செய்யாற்றோடு சேர்ந்து, பாலாற்றில் கலந்து, கடலை அடையுமுன் ஒரு பழைய நீர்வழியைச் சந்திக்கிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய்.

1806 ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட வாய்க்காலே இதன் தொடக்கம். பின்னர் வடக்கே மரைக்காயர்கள் வாழ்ந்த பழவேற்காட்டைக் கடந்து ஆந்திரக் கரையோரமாகவும், தெற்கே மரக்காணம் வரையிலும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. விறகும் உப்பும் ஏற்றிவந்த தோணிகளில் மனிதரும் கூடிப் பயணம் செய்தனர்.

சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. நம் வடஆற்காட்டையும் வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78 இல், நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877 தொடக்கத்தில் மாகாண நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உழைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், மேலே ஒரு சிறு காசும்! அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் அது. மருத்துவ அதிகாரி கார்னிஷ் விடாது எதிர்த்த பிறகே கூலி உயர்ந்தது. மண் சுமந்தோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

இக்கால்வாயில் நண்பர்களோடு மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன், அதை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார். இன்பச் சுற்றுலாதான். ஆயினும் கரையில் ஒருவர் தோளில் கயிறு மாட்டிப் படகை இழுத்து நடப்பதையும், பின்னே மற்றொருவர் முதுகு வளைந்து கோலால் தள்ளுவதையும் கண்டபோது கவிஞருக்குப் பொறுக்கவில்லை. பட்டுச் சேலையை விரித்துப் பார்ப்போர் எத்தனை பேர் தறிக்குழிக்குள் இயங்கும் கால்களை நினைக்கிறார்கள்? நெசவூராராகிய நமக்கு அவருடைய வருத்தம் புதிதன்று. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி நடப்போர், அந்தப் படகில் அமர்ந்திருந்தாலும் கரையைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 2008 இல் தேசிய நீர்வழி 4 இன் பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. சென்னையில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நீருக்குள்ளேயே நிற்கின்றன; கயிறு இழுத்தோர் நடந்த கரைமீது ரயில் ஓடுகிறது.